அறுபதாங் கல்யாணப் பத்திரிகை

வாய்யா மாப்ளே, அந்தக் கருப்புக் கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு உக்காரு. "மூளை இன்னும் பளிச்சுன்னு இருக்கு, 62 ஆச்சுன்னு ஜட்ஜய்யாவை வீட்டுக்கு அனுப்புறாங்களே மாமா"ன்னு மூக்கைச் சிந்துற. நல்லா சிந்து. ஆனா அனுப்புறது சட்டம். அதுக்கு மாமன் மச்சான் தெரியாது. அதனாலதான் எனக்கு அதைப் பிடிக்குது.

ஐகோர்ட்டுக்கு முதல்ல 60 தான் வச்சிருந்தாங்க. 1963ல அரசியல் சட்டத்தைத் திருத்தி 62 ஆக்கினாங்க. சுப்ரீம் கோர்ட்டுக்கு 65. ஐகோர்ட்டுக்கும் 65 குடுப்போம்னு 2010ல ஒரு மசோதா வந்துச்சு. நாலு வருசம் தூங்கி 2014ல காலாவதியாயிடுச்சு. மசோதாவுக்கே ரிட்டயர்மெண்ட் உண்டு பாத்துக்க.

அதே 1963 திருத்தத்துல இன்னொண்ணும் சேத்தாங்க: ஐகோர்ட்டு ஜட்ஜுக்கு வயசு எத்தினின்னு சண்டை வந்தா ஜனாதிபதி தீத்து வைக்கணும். ஏன்னு கேளு. பெரிய மனுசங்களுக்கு வயசு குறையிற வியாதி ஒண்ணு இருக்கு. கல்கத்தா ஐகோர்ட்டுல ஜே.பி. மித்தர்னு ஒருத்தர், 1904ல பொறந்தேன்னாரு. பழைய பதிவு 1901ன்னுச்சு. மூணு வருசத்துக்காகப் போட்ட சண்டை, சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி 1971லதான் முடிஞ்சுது.

கல்கத்தா எதுக்கு? பிரெஞ்சுக்காரன் பெட்டியைக் கட்டினப்புறம் 1962ல நம்ம புதுச்சேரியைக் கொண்டுபோயி மெட்ராஸ் ஐகோர்ட்டோட சேத்தாங்கல்ல? அப்ப அங்க தலைமை நீதிபதி எஸ். ராமச்சந்திர அய்யர். தம்பிக்காரரு அறுபதாங் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கப்போயி அண்ணன் வயசு வெளியே வந்துடுச்சுன்னு வக்கீலுங்க இன்னிக்கும் சொல்லிச் சிரிப்பாங்க. வசந்த பைன்னு ஒரு வக்கீல் வயசைக் கிளப்பி வழக்குப் போட்டாரு. 1964ல அய்யா ராஜினாமா பண்ணிட்டாரு. அதனால மாப்ளே, நீ ஜட்ஜாகணும்னா முதல்ல உன் தம்பியைத் திருக்கடையூர் பக்கம் போகாம பாத்துக்க!

சரி, வயசைக் காலண்டர் பாத்துக்கும். வியாதியை யாரு பாக்குறது? இயலாமைன்னு நிரூபிச்சா நீக்கலாம்னு சட்டத்துல இருக்கு. ஆனா ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். மறதிக்காரக் கிழவனை எழுப்பி விட அத்தினி பேரு கை தூக்குவாங்களா? மிச்சம் இருக்கிறது ஜனாதிபதிக்குத் தன் கைப்பட ஒரு கடுதாசி. அதை எழுத வேண்டியது, "நான் நல்லாத்தான் இருக்கேன்"னு சத்தியம் பண்ற அதே ஆளு. இந்த ஒரு வழக்குல மட்டும் குத்தவாளியே ஜட்ஜு.

அமெரிக்காவுல சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜுக்கு ஆயுசு முடியிற வரைக்கும் வேலை. வில்லியம் டக்ளஸ்னு ஒருத்தருக்கு 1974 கடைசி நாள்ல பக்கவாதம். அவரு ஓட்டை வச்சு முடிவாகிற வழக்கையெல்லாம் கூட இருந்த ஜட்ஜுங்க தள்ளி வச்சாங்க. 36 வருசம் உக்காந்தவரு, 1975 நவம்பர்லதான் எழுந்தாரு. எழுந்த பின்னாடியும் வழக்குல நானும் உண்டுன்னு வந்து நின்னாரு. இரும்புக் குண்டை வீசிப் பெத்தாங் ஆடுற கிழவனுக்குக் கண்ணு மங்கினா, தோக்கிறது அவன் மட்டுமில்ல மாப்ளே, பக்கத்துல நிக்கிறவன் முட்டியும் பேந்துடும்.

பதவியிலயே போனா சிலை வைப்பாங்கன்னு கணக்குப் போடாத. முத்துசாமி அய்யர் 1895ல பதவியிலயே போனாரு, ஐகோர்ட்டுல சிலையா உக்காந்திருக்காரு. அது தீர்ப்புக்காக வச்ச சிலை. நம்மூரு டேவிட் அன்னுசாமியைப் பாரு: ஐகோர்ட்டை விட்டு இறங்கினப்புறம் இந்தியாவுல பிரெஞ்சுக்காரன் ஆண்ட கதையைப் புத்தகமாவே எழுதினாரு. நாற்காலி போனா நாக்கும் பேனாவும் கூடவே போயிடாது.

நாளைக்கு நீயே ஜட்ஜாகி, உடம்பு தளந்து சந்தேகம் வந்துச்சுன்னா பொண்டாட்டியைக் கேக்காத, பாசத்துல பொய் சொல்லுவா. சீனியர் வக்கீலைக் கேக்காத, அவனுக்கு நாளைக்கு ஸ்டே வேணும். உன் டவாலியைக் கூப்பிட்டு, "பகல்ல நான் எத்தினி தடவை தூங்குறேன்?"னு கேளு. அவன் தரையைப் பாத்தான்னா, அன்னிக்கே கடுதாசியை எழுதிடு. கை நடுங்க ஆரம்பிச்சுட்டா கையெழுத்தும் செல்லாது.