கோலம் போட்டா குளோரின் போயிருமா?

வாப்பா ஹெட்மாஸ்டர் தம்பி. உங்கப்பன் எனக்குப் பங்காளி, அந்த உரிமையில நீன்னே பேசுறேன், கோவிச்சுக்காத. நேத்து ஆய்வுக்கு ஆபீசர் வர்றாகன்னு கேட்டுலயிருந்து கழிப்பறை வாசல் வரைக்கும் ரெண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர்ல கோடு இழுத்தியே, எங்க ஆச்சி மார்கழிக் கோலத்துக்குக்கூட அம்புட்டு நேரா இழுத்ததில்ல. வந்தவுக தும்மிக்கிட்டே 'நல்ல சுத்தம்'னு எழுதிட்டுப் போனாகளாம்.

எம் பேத்தி உங்கிட்டத்தான் ஆறாப்பு படிக்குது. அதுக்கு இளைப்பு உண்டு. காலையில நெறைச்சுக் குடுத்த தண்ணி பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருது. "ஏன்டி ஆத்தா குடிக்கல?"ன்னா, "குடிச்சா பாத்ரூம் போகணும், போனா மூச்சு முட்டுதுய்யா"ங்குது. பினாயில், ஆசிடு, மூலைக்கு மூலை தொங்குற வாசனை வில்லை. பெரிய ஆளுக நம்மளுக்கே கண்ணு எரியுது. இளைப்பு இருக்க புள்ளைக்கு மூச்சுக்குழாய் ஏற்கெனவே வீங்கித்தான் இருக்கும். இந்தக் காட்டம் பட்டா சுருங்கிக்கிரும்.

நீ வாத்தியார் வேலை பாக்குறது சாதாரண ஊரா? அழகப்பர் 300 ஏக்கர் நெலமும் 15 லட்ச ரூவாயும் தூக்கிக் குடுத்து, 1948ல நேரு வந்து அடிக்கல் போட்ட சிக்ரிங்கிற மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் இருக்க காரைக்குடி. உப்புத் தண்ணியில கரண்டை விட்டுக் குளோரின் எடுக்கிற வித்தையெல்லாம் அங்க ஆராய்ச்சி. படிச்சவுக அந்த வாயு வெளிய கசியாம பொத்திப் பொத்தி வேலை பாக்குறாக. நீ கெட்டிக்காரன், பிளீச்சிங் பவுடர் மேல ஆசிடை ஊத்தி ஓசியிலயே கெளப்பிடுற! 1915ல பெல்ஜியம் போர்முனையில ஜெர்மன்காரன் எதிராளி மேல தொறந்துவிட்டது இதே வாயுதான்ப்பா. அவனாவது காத்தடிக்கிற தெசை பாத்து விட்டான்.

ஆசிடு ஊத்தலைன்னாலும் தப்பிக்க முடியாது. பயலுக ஒண்ணுக்குப் போன எடத்துல தண்ணிகூட ஊத்தாம பவுடரை அள்ளித் தூவுறியே, மூத்திரத்துல இருக்க அமோனியாவும் அதுவும் சேந்து குளோரமின்னு வேற ஒரு புகை கெளம்பும். தூவுற அந்தக் கழுவுற அக்காவைக் கேட்டுப் பாரு. மொத மூச்சு அதுக்குத்தான போகுது? மூக்குல முந்தானையைக் கட்டிக்கிட்டு இருமுது. குடிதண்ணித் தொட்டிக்குப் பவுடர் அளவாப் போடு, வேண்டாங்கல. கழிப்பறைக்கு சோப்புத்தண்ணியும் தேய்க்கிற பிரஷ்ஷும் தெனமும் போதும். கடைசி மணி அடிச்சுப் புள்ளைக வீட்டுக்குப் போன பெறகு கழுவச் சொல்லு, விடியுறதுக்குள்ள காஞ்சிரும். என்னைக்காச்சும் பிளீச்சிங் வேணும்னா அப்ப கரைச்சு ஊத்தி, நல்லா அலசிவிடட்டும்.

நம்ம முப்பாட்டன் வளவுக்கு நடுவுல வானத்தையே தொறந்துவிட்டு வீடு கட்டினான். நீ கழிப்பறை வென்டிலேட்டரை பிளெக்ஸ் போர்டு வச்சு அடைச்சிருக்க. அதுல கைகூப்பிச் சிரிக்கிறவுக யாருன்னு நான் சொன்னா ஊர்ல வம்பு. அவுகளைக் கொஞ்சம் எறக்கி வையி, காத்து வரட்டும். ஒழுகுற குழாய்க்கு ஒரு வாஷர் மாட்டு. அந்த ஈரத்துலதான் செவுரு கருப்பாப் பூஞ்சை பூத்துக் கெடக்கு, கரப்பானும் குடும்பம் நடத்துது. ரெண்டும் இளைப்புக்காரப் புள்ளைக்கு ஆகாது.

அப்புறம் அந்த இன்ஹேலர். பேத்தி பையில இருந்ததைப் பிடுங்கி, 'பத்திரமா இருக்கட்டும்'னு ஆபீஸ் பீரோவுல வச்சுப் பூட்டியிருக்காகளாம். சாவி பி.டி. வாத்தியார்கிட்ட, வாத்தியார் வட்டார விளையாட்டுப் போட்டியில. மூச்சு முட்டுனா அவர் கோப்பையோட வர்ற வரைக்கும் புள்ளை காத்துக்கிட்டு இருக்கணுமா? வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல மொத ஆளா எந்திரிச்சு இதைத்தான் கேப்பேன். அதுக்கு முன்னாடி பீரோவைத் தொறந்து, மருந்தை அந்தப் புள்ளை பையிலயே வச்சிரு தம்பி.