சக்கரத்தை ஆட்டிப் பார்த்த காலம்

கார் சர்வீசுக்குப் போனால் இப்போது காப்பி தருகிறார்கள். ஏசி அறை, வைஃபை, யாரும் புரட்டாத கார் பத்திரிகை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நம் வண்டி லிஃப்டில் ஏறி, நாலு சக்கரமும் தொங்க அந்தரத்தில் நிற்கும். கொஞ்ச நேரத்தில், சட்டையில் ஒரு சொட்டு ஆயில்கூடப் படாத தம்பி ஒருவர் டேப்லெட்டோடு வந்து உட்காருவார்.

"சார், முன்னாடி லெஃப்ட் பால் ஜாயின்ட் போயிடுச்சு. லோயர் ஆர்ம் ரெண்டு பக்கமும் மாத்திடலாமா?"

டேப்லெட்டில் அந்த வரிக்கு நேரே சிவப்பு வட்டம். பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் அடுத்த சர்வீஸ், சிவப்பு என்றால் 9,000 ரூபாய்ச் சொச்சம்.

"எவ்வளவு ஆட்டம் இருக்கு தம்பி?"

"ஆட்டம்னா சார்?"

நான் பழைய ஆள் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

திருச்சி பாலக்கரைப் பக்கம் சித்தப்பாவின் ஃபியட் போகும் பட்டறையில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதலில் தரும் வேலையே ஆட்டம் பார்ப்பதுதான். ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்குவார்கள். பையன் டயரை மேலே ஒரு கை, கீழே ஒரு கையாகப் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுவான். மேஸ்திரி சாக்கை விரித்து அடியில் படுத்திருப்பார். பாதுகாப்புக்கு ஸ்டாண்டா? இரண்டு செங்கல். அவருடைய ஆள்காட்டி விரல் பாதி ஆர்ம் மேலும் பாதி அச்சின் மேலும் படும்படி இருக்கும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை அசைவு இருந்தாலும் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும்.

"ஆட்டுடா... ம். நிறுத்து. ஐயா, நீங்க பிரேக்கை மிதிங்க. இப்ப ஆட்டு."

சித்தப்பா பயபக்தியோடு மிதிப்பார். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் குறை வீல் பேரிங்கில். மிதித்த பிறகும் ஆடினால் கிங்பின், அதாவது சக்கரம் திரும்பும் முளை. பிறகு பையன் கையை மாற்றி டயரை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுவான். அதில் ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்ட். காப்பி மட்டும் கிடையாது. சித்தப்பா வாங்கிக் கொடுத்தால் மேஸ்திரி டீ குடிப்பார்.

கேட்டால் கண்ணில் நீர் வருமளவுக்கு அருமையாக இருக்கிறது இல்லையா? நோயைக் கண்டுபிடித்த விரல் அப்படி. வைத்தியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேய்ந்த கிங்பின் புஷ்ஷுக்கு லேத்துக்குப் போய்ப் புதுப் புஷ் அடித்து ரீமர் விடுவது முறை. காசில்லாதவர் வண்டிக்குப் பித்தளைத் தகட்டைச் சுற்றித் திணிப்பதும் உண்டு. மாதம் ஒரு முறை நிப்பிளில் கிரீஸ் அடிக்காவிட்டால் ஸ்டீயரிங்கைத் திருப்ப இன்னொரு ஆள் வேண்டும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. பட்டறைக்கு முதல் மாருதி வந்து சேர்ந்தபோது மேஸ்திரி அதன் கீழே போய்ப் பார்த்துவிட்டு, "நிப்பிளே இல்லையே, இதுக்கு யாருய்யா சோறு போடுறது?" என்றார். அதில் கிங்பின்னுக்குப் பதில் பால் ஜாயின்ட். நம் தொடை எலும்பு இடுப்பில் பொருந்துவது மாதிரி. கிண்ணத்துக்குள் எஃகுக் குண்டு, நடுவே வழவழப்பான பிளாஸ்டிக் உறை, ஒரே தடவை வைத்த கிரீஸ், மேலே ரப்பர் பூட். பூட் கிழிந்தால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும், கிரீஸ் வெளியே போகும். அதோடு அந்த ஜாயின்டின் கதை முடிந்தது. மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதா! மேஸ்திரி கிண்ணத்தின் அடிமூடியைச் சுத்தியலால் தட்டி இறுக்கினார். குண்டு அதிகம் தேய்வது வண்டி நேராக ஓடும் வாக்கில். அதனால் தட்டி இறுக்கிய ஜாயின்ட் நேராகப் போகையில் சுமாராக நிற்கும். ஒடித்துத் திருப்பினால் பிடித்துக்கொள்ளும். அப்படி இறுக்கிய வண்டியில் ஒரு குடும்பம் வேளாங்கண்ணி போய்விட்டு வந்தது. மாதா கைவிடவில்லை. சாலைகளும் அந்தக் காலத்தில் வேகமாகப் போகவிடாது.

ஆனால் ஒன்றை அவரிடம்தான் பார்த்தேன். டாக்ஸி ஓட்டும் ஒருவர் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம் உள்ள ஜீப் வகை வண்டியைக் கொண்டுவந்தார். பள்ளத்தில் இறங்கினால் 'டொக்' என்கிறது, டயர் உள்பக்கம் தின்கிறது. வேறு பட்டறைகளில் பார்த்து ஆட்டமே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். சேஸில் ஜாக்கி வைத்து ஆட்டினால் எங்களுக்கும் சக்கரம் கல் மாதிரிதான் நின்றது. மேஸ்திரி பீடியை அணைத்துவிட்டு, ஜாக்கியை எடுத்து, கீழ் ஆர்மின் அடியில் பால் ஜாயின்டை ஒட்டி வைத்துத் தூக்கினார். அதே சக்கரம், அதே பையன். 'டொக்'.

அந்த வண்டியில் ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேஸைத் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளி, ஜாயின்டை இறுக்கிப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும். ஆர்மைத் தூக்கினால்தான் பாரம் விலகிக் குறை வெளியே வரும். மாருதி போன்ற சின்னக் கார்களில் பாரம் ஸ்ட்ரட் வழியாகப் போவதால் கீழ் ஜாயின்டில் எடை கிடையாது. சக்கரத்தைத் தொங்கவிட்டே பார்க்கலாம். மேஸ்திரி இதை இப்படியெல்லாம் விளக்கவில்லை. "எங்க பாரமோ அங்க தாங்கு" என்றார், அவ்வளவுதான்.

இப்போது நான் வண்டி விடும் இடத்தில் உள்ள லிஃப்ட் எந்த வண்டியானாலும் சேஸைப் பிடித்துத் தூக்கித் தொங்கவிடுகிறது. என் சின்னக் காருக்கு அது சரி. பக்கத்து லிஃப்டில் நிற்கும், கீழ் ஆர்ம் மேல் ஸ்பிரிங் உள்ள பெரிய வண்டிக்கு, பல லட்ச ரூபாய் செலவில், குறையை மறைத்துத் தருகிறது. ஆர்மின் அடியில் ஒரு தாங்கி வைத்தால் தீரும். யாரும் வைத்து நான் பார்க்கவில்லை.

தம்பியிடம் என் எதிரில் ஆட்டிக் காட்டச் சொன்னேன். மஞ்சள் கோட்டைத் தாண்டி வாடிக்கையாளருக்கு அனுமதி இல்லையாம், பாதுகாப்பு. பதிலாக வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. ஒரு கை சக்கரத்தை ஆட்டுகிறது, சக்கரம் அசையவில்லை, "பாருங்க சார்" என்று குரல் மட்டும் கேட்கிறது. இரண்டாம் தடவை ஓட்டிப் பார்த்தபோதுதான் ஓரத்தில் பூட் கிழிந்து கிரீஸ் வழிந்திருப்பது கண்ணில் பட்டது. ஆக, சிவப்பு வட்டம் பொய்யில்லை. இந்தப் பக்கத்தை மாற்றத்தான் வேண்டும். அந்தப் பக்கத்தை எதற்கு என்று கேட்டதற்கு, "சிஸ்டம் ஜோடியாதான் எடுக்கும் சார்" என்றார்.

வாடகை வண்டிகளுக்காவது எப்.சி. என்ற தகுதிச் சான்று உண்டு. 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு வருடா வருடம். அதற்கு முன்தினம் பெயின்ட் அடித்துக்கொண்டு போவார்கள். பால் ஜாயின்டுக்கு அடிக்க முடியாது என்பதுதான் ஆறுதல். சொந்தக் காருக்கு அதுவும் இல்லை. பதிவு 15 வருடம் செல்லும். அதுவரை முன்சக்கரத்தை யாரும் ஒரு தடவைகூட ஆட்டிப் பார்க்காமலே ஓட்டலாம், சட்டம் கேட்காது. குண்டு கிண்ணத்தைவிட்டுக் கழன்றால் சக்கரம் மடங்கிப்போய் வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். நாற்கரச் சாலையில் நூறில் போகையில் அப்படி நடந்தால் வேளாங்கண்ணி மாதாவுக்கும் சிரமம்.

அதனால் மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய ஜாயின்டை மட்டும் கேட்டு வாங்குங்கள். குண்டின் தண்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பூட் கிழியாமல் இருந்து, தண்டு இறுக்கமாக, எதிர்த்துக்கொண்டு நகர்ந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். பிடியே இல்லாமல் தொளதொளவென்று சாய்ந்தால் கொடுத்த காசு நியாயமானது.