சொட்டு ரத்தமும் வெளிச்சமும்

எண்பதுகளில் ஆந்திரத்தின் புத்தலப்பட்டு வட்டாரத்து ஊர்களுக்குக் கர்ப்பிணிகளின் ரத்தம் பார்க்கப் போனபோது என் பையில் இருந்தது சாலி கருவி. சுவிட்சர்லாந்து மருத்துவர் ஹெர்மன் சாலி வகுத்த முறை அது. அளவுக்குழாயில் அடிக்கோடு வரை ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுவோம். விரலில் குத்தி, பிப்பெட்டை வாயால் உறிஞ்சி 20 மைக்ரோலிட்டர் ரத்தம் எடுத்து அதில் கலப்போம். பத்து நிமிடத்தில் சிவப்பு போய்ப் பழுப்பாகும். பிறகு காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே, பக்கத்துப் பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப் பார்ப்போம். நிறம் ஒன்றானதும் நீர்மட்டம் நிற்கும் கோடுதான் ஹீமோகுளோபின் அளவு.

அதுவும் வெளிச்சத்தால் அளப்பதுதான். அளந்தது எங்கள் கண். திண்ணை வெயிலில் ஒரு எண், மேகம் கவிந்தால் இன்னொன்று. இரண்டு பேர் பார்த்தால் இரண்டு கணக்கு. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. அங்கே ஒரு கிராம் பிசகினாலும் ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதே மாறிவிடும். "எங்க பொண்ணுக்கு ரத்தம் எவ்வளவு இருக்கு சார்?" என்று அம்மாக்கள் கேட்கும்போது, சொல்லும் எண்ணின் பாரம் எனக்குத் தெரியும்.

இன்று கைக்கடக்கமான டிஜிட்டல் கருவி வந்துவிட்டது. சிறு பிளாஸ்டிக் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம் ஏற்றிச் செருகினால், ஒரு நிமிடத்துக்குள் எண் தெரிகிறது. இந்த வகையில் பரவலாக உள்ள ஒரு கருவி 570 நானோமீட்டர் ஒளியை ரத்தத்தின் ஊடே செலுத்தி, ஹீமோகுளோபின் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கிறது. 880 நானோமீட்டர் ஒளியைக் கொண்டு கலங்கலால் வரும் பிழையைக் கழிக்கிறது. மேகமும் களைத்த கண்ணும் அதைப் பாதிப்பதில்லை. 2018இல் தொடங்கிய ரத்தசோகையற்ற பாரதம் திட்டமும் களப்பணிக்கு டிஜிட்டல் கருவியையே பரிந்துரைக்கிறது. எனக்கு அதில் நிறைந்த மகிழ்ச்சி. ஒன்று மட்டும் மாறவில்லை: ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் குறைந்துவிடும்.

கருவி துல்லியமாகிவிட்டது, ரத்தம் ஏறிவிட்டதா? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆந்திரத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 2015-16இல் 60 சதவீதம், 2019-21இல் 58.8 சதவீதம். எண்ணைக் காட்டுவது வெளிச்சம், ரத்தத்தை ஏற்றுவது மாத்திரையும் சாப்பாடும். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்தும் பெண்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கறுப்பாகப் போவது இயல்புதான், பயப்பட வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். மாத்திரையைக் காப்பி, டீயோடு கொடுக்காதீர்கள். ரத்தசோகை என்றால் ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். ஒரு கிராமாவது ஏறவில்லை என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.