யானை வரும் பின்னே, டொக் டொக் வரும் முன்னே!

இரண்டு நாளாக எங்கள் கம்ப்யூட்டருக்குள் இருந்து டொக்... டொக்... என்று பல்லி சொல்வது போல் சத்தம் வருகிறது. இதற்கு என்ன பலன்?
*வாசகி, தென்காசி*

சுவர்ப் பல்லி சொன்னால் திசை பார்த்துப் பலன் சொல்வார்கள். ஹார்ட் டிஸ்க் சொன்னால் எட்டுத் திசைக்கும் ஒரே பலன்தான்: "நான் கிளம்பப்போகிறேன், உங்கள் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்."

டிஸ்க்குக்குள் கண்ணாடி போல் பளபளக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. தட்டின் மேல் ஒரு மெல்லிய கை நீண்டிருக்கும். அதன் நுனியில் இருக்கும் ஹெட்தான் பதிவைப் படிக்கிறது. தட்டில் உள்ள வழிக்குறிகள் ஹெட்டுக்குப் பிடிபடாவிட்டால், கை புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி முயலும். சீராகக் கேட்கும் டொக் டொக் அதுதான்.

சத்தம் எப்போதாவது வந்து, ஃபைல்கள் இன்னும் திறக்கின்றன என்றால் இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு முதலில் காப்பி எடுங்கள். விடாமல் தட்டினாலோ, கிர்ரென்று உரசினாலோ, உடனே கரண்டை நிறுத்துங்கள். உரசும் டிஸ்க்கில் ஹெட் தட்டையே சுரண்டிக்கொண்டிருக்கலாம். சுரண்டிய இடத்தில் இருந்த போட்டோவை எந்த நிபுணராலும் மீட்க முடியாது.

சத்தம் எதுவும் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் ஆமையாக நகர்கிறது. டிஸ்க்கின் குற்றமா, வேறு யாருடைய குற்றமா?
*போட்டோ ஸ்டுடியோ உரிமையாளர், கும்பகோணம்*

எல்லா வேலையும் ஒரே சீராக மந்தமாக நடந்தால் ராம் போதாமல் இருக்கலாம், வைரஸாக இருக்கலாம். டிஸ்க் நோயின் மந்தம் வேறு மாதிரி. குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரைத் தொட்டால் மட்டும் கம்ப்யூட்டர் உறைந்துபோகும். காப்பி எடுக்கும்போது எத்தனை முறை முயன்றாலும் அதே கல்யாண ஆல்பத்தில் அதே போட்டோவில் வந்து நிற்கும். ஃபைல் பெயர்கள் புரியாத எழுத்தாக மாறும். காலையில் போட்டவுடன் டிஸ்க்கே காணாமல் போய், மறுபடி ஆன் செய்தால் திரும்பி வரும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் பகுதியைப் பாருங்கள். நீங்கள் ஒன்றுமே செய்யாதபோதும் 100 சதவீதம் வேலை என்று காட்டி, படிக்கும் வேகம் மட்டும் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தால், டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று தோற்றுக்கொண்டிருக்கலாம்.

எனக்குச் சுகர் டெஸ்ட் இருப்பது போல டிஸ்க்குக்கும் ஒரு டெஸ்ட் கிடையாதா?
*ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர், மதுரை*

உண்டு ஐயா. உங்கள் உடம்பை விட ஒரு படி மேல்: டிஸ்க் தன் ரிப்போர்ட்டைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளும், லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளையும் அதைப் படித்துக் காட்டும்.

நீண்ட பட்டியலாக வரும், மிரள வேண்டாம். மூன்று வரிகள் முக்கியம். 5-ஆவது எண்: கெட்டுப்போனதால் கைவிட்டு, உபரி இடத்துக்கு மாற்றிய செக்டர்களின் கணக்கு. 197: படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள். 198: திருத்தவே முடியாதவை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் இவை 05, சி5, சி6 என்று தெரியும். கணக்கு வாத்தியாராக நீங்கள் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று சொல்லிக்கொடுத்திருக்கலாம். இந்த மூன்று வரிகளில் பூஜ்யத்தை விட மதிப்பானது எதுவும் இல்லை. பூஜ்யம் மாறி எண் வந்தால் காப்பி எடுங்கள். வாரா வாரம் எண் ஏறினால் டிஸ்க்கை மாற்றுங்கள்.

ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறது. இனி நிம்மதியாகத் தூங்கலாமா?
*வங்கி ஊழியர், ஈரோடு*

தூங்கலாம், காப்பி இருந்தால். 2007-இல் கூகுள் ஆய்வாளர்கள் தங்கள் நிறுவனத்தின் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளில் கெட்டுப்போகும் வாய்ப்பு, பிழை இல்லாத டிஸ்க்கைப் போல் 39 மடங்கு. அதே ஆய்வின் மறுபக்கம்: கெட்டுப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை, அந்த ஆய்வு முக்கியமானவை என்று கண்ட நான்கு எண்களில் எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை.

மணியோசை கேட்டால் யானை வரும் வாய்ப்பு அதிகம். மணியோசை கேட்கவில்லை என்பதற்காக யானை வராது என்று சொல்ல முடியாது. மணி கட்டாத யானைகளும் உண்டு.

'செக் டிஸ்க் போட்டால் சரியாகிவிடும்' என்கிறான் அக்கா மகன். போடட்டுமா?
*இல்லத்தரசி, சேலம்*

அக்கா மகனின் அக்கறைக்கு நன்றி சொல்லி, அவனைக் காப்பி எடுக்கும் வேலையில் உட்கார வையுங்கள். அந்தச் சோதனையை முழுதாக ஓட்டினால் டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் மணிக்கணக்கில் துருவிப் பார்க்கும். நெஞ்சு வலி என்று வந்தவரை மாடிப்படி ஏறிக் காட்டச் சொல்வது போன்றது அது. முதலில் காப்பி, பிறகுதான் சோதனை. விண்டோஸில் காப்பி பாதியில் நின்றுபோனால், லினக்ஸில் உள்ள டிடிரெஸ்க்யூ உதவும். அது சிக்கலான இடங்களைத் தாண்டிப் போய் நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் சிக்கலுக்குத் திரும்பும். பரீட்சையில் தெரிந்த கேள்வியை முதலில் எழுதும் கெட்டிக்காரப் பிள்ளை மாதிரி.

கெட்ட டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்கிறார்களே?
*கல்லூரி மாணவர், நாகர்கோவில்*

ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் வையுங்கள். குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படியும். மிச்சமிருக்கும் வாய்ப்பும் அதில் கரைந்துபோகும்.

சரி, ஸ்க்ரூ டிரைவரால் திறந்து பார்க்கலாமா?
*அதே மாணவர்*

கூடாது தம்பி. வேலை செய்யும்போது ஹெட்டுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சந்தில் நம் வீட்டுத் தூசி ஒன்று பாறாங்கல். திறக்கும் வேலையை, தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு நிபுணர்களிடம் விட்டுவிடுங்கள்.

வெளியே செருகும் போர்ட்டபிள் டிஸ்க், கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் செருகினால் மட்டும் டொக் என்கிறது. இதுவும் சாவு மணியா?
*டிடிபி கடைக்காரர், திருப்பூர்*

இது பசியாகவும் இருக்கலாம். போதிய மின்சாரம் கிடைக்காத டிஸ்க்கும் அப்படித்தான் தடுமாறும். நீளமில்லாத நல்ல கேபிளைப் போட்டு, பின்பக்கம் செருகிப் பாருங்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க்கின் ரிப்போர்ட்டில் 199-ஆவது எண் மட்டும் ஏறியிருந்தாலும் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. கேபிளை மாற்றிய பிறகும் பழைய எண் அழியாது. மேலே ஏறாமல் நின்றால் டிஸ்க் நிரபராதி.

எங்களிடம் இருப்பது எஸ்எஸ்டி. சுழலும் பாகமே இல்லை. எங்களுக்கு இந்தக் கவலை இல்லைதானே?
*மென்பொருள் பொறியாளர், கோவை*

சத்தம் போடும் பாகம் இல்லை. கெட்டுப்போகும் பாகம் இருக்கிறது. எஸ்எஸ்டி முனகாமல் போகும். சில சமயம் 'படிக்கலாம், எழுத முடியாது' என்ற நிலைக்குப் போய் நமக்கு அவகாசம் கொடுக்கும். பல சமயம் அதுவும் இல்லை. நேற்று இருந்தது, இன்று இல்லை. அடையாளம் குறைவு என்பதால், பழைய டிஸ்க்கை விட இதற்குத்தான் காப்பி அதிகம் தேவை.

உங்கள் டிஸ்க் எப்போதாவது போயிருக்கிறதா?
*வாசகர், தஞ்சாவூர்*

போயிருக்கிறது. ஊர்க் கிணறு வெட்டிய கதையை என் அப்பா 40 நிமிடம் சொன்ன ஒலிப்பதிவு அதில் இருந்தது. ஒரு வாரமாக டிஸ்க் டொக் டொக் என்றது. ஃபேன் சத்தம் என்று இருந்துவிட்டேன். அப்பா காலமாகி அப்போது ஒரு வருடம். டிஸ்க் மறு வாரமே கடையில் கிடைத்தது. அந்தக் குரல் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

அதனால் கேட்கிறேன். இன்று இரவு உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து, உலகத்தில் அந்த ஒரு டிஸ்க்கில் மட்டுமே இருப்பது எது என்று தேடுங்கள். குழந்தையின் முதல் நடையோ, அம்மாவின் குரலோ, கடையின் கணக்கோ, எதுவானாலும் முதலில் அதை எடுத்து இன்னொரு டிஸ்க்கில் வையுங்கள். இன்னொரு பிரதி வீட்டுக்கு வெளியே, தங்கை வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். சினிமாவும் சாஃப்ட்வேரும் நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.