அகில் மணத்த ஊரில் டீசல் வாடை

மரக்காணத்தில் எரிபொருள் வாடை அடித்ததற்கு முதல் சாட்சி சங்கப் புலவர் நத்தத்தனார். மன்னன் நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கப் போகும் பாணனுக்கு அவர் சிறுபாணாற்றுப்படையில் வழி சொல்லும்போது எயிற்பட்டினம் என்று ஓர் ஊர் வரும். அது இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணக்கு. அங்கே கடல் அலை மணக்கிற மரங்களை (அகில் என்பார்கள் உரைகாரர்கள்) கொண்டுவந்து கரையில் தள்ளுகிறது. அவை ஒட்டகங்கள் படுத்துத் தூங்குவதுபோலக் கிடக்கின்றன. ஊர்க்காரர்களுக்கு அதுதான் விறகு. நுளைச்சி அரித்த தேறலும் சுட்ட மீனும் பாணனுக்குக் கிடைக்கும் என்கிறார் புலவர். மறுநாள் அவனுக்குத் தலைவலி வந்திருந்தால் அது தேறலால்தான். எரிபொருள் மேல் பழி போட முடியாது.

அந்தக் காலத்தில் உப்பு ஏற்றிப் போன உமணர்களும் விவரமானவர்கள். வண்டிக்கு அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள். அதைப் பாட்டிலேயே பதிந்துவைத்தவர் ஔவையார். ஆக, ஸ்டெப்னியைக் கண்டுபிடித்தது வெள்ளைக்காரன் இல்லை. அந்த வண்டியில் நாற்றம் தங்குகிற பேச்சும் இல்லை. நாலு பக்கமும் திறந்த வண்டி. இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி நேரே 1815-க்கு வந்துவிடலாம். நடுவில் சோழர்கள் வந்தார்கள், ஊரில் பூமீசுவரர் கோயிலில் கல்வெட்டு வெட்டினார்கள். அவர்களிடம் கார் இல்லை.

அந்த வருடம் மார்ச் 7. எல்பா தீவிலிருந்து தப்பி வந்த நெப்போலியன், தன்னைப் பிடிக்க வந்த படைக்கு முன்னால் கோட்டைத் திறந்து "சுடுங்கள்" என்று மார்பைக் காட்டிக்கொண்டிருந்தார். அதே நாளில் லண்டனில் இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் உட்கார்ந்து நம் ஊர் உப்புக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பில் உள்ளூர்ச் செலவு போக மிச்சத்தை இங்கிலீஷ்காரனுக்கு மட்டுமே விற்க வேண்டும்; உப்பும் அபினும் சேர்ந்த அந்த ஏற்பாட்டுக்கு வருடம் 4 லட்சம் சிக்கா ரூபாய். 1805-லிருந்து சென்னை மாகாணத்தில் உப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம். பக்கத்திலேயே பாண்டிச்சேரியில் மலிவாகக் கிடைத்தால் வேலி எப்படி நிற்கும்? அந்த எல்லைக்கோட்டின் ராசி அப்படி. அன்றைக்கு உப்பு. பிறகு பாட்டில். எங்கள் சித்தப்பா காலத்தில் டீசல்.

சித்தப்பாவிடம் ஒரு டீசல் அம்பாசடர் இருந்தது. பாண்டிச்சேரியில் வரி கம்மி என்பதால் டேங்க் நிறைய அடிப்பார். அதோடு விட்டால் அவர் சித்தப்பா இல்லை. இருபது லிட்டர் கேன் ஒன்றையும் நிரப்பிப் பின் சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் நடுவே, என் காலடியில், வைப்பார். மூடி தொலைந்து வருடக்கணக்காகிறது. பாலித்தீன் தாளும் ரப்பர் பேண்டும்தான் மூடி. "ஏங்க, இதுல மிச்சமாகிற காசு எவ்வளவு?" என்று சித்தி கேட்டால், "கொள்கைன்னு ஒண்ணு இருக்கு" என்பார்.

கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாவதற்கு முந்திய காலம். மரக்காணம் தாண்டும்போது, இருபக்கமும் பாத்திகள் வெள்ளையாக மின்ன, ஓலை போர்த்திய உப்பு அம்பாரங்களைச் சித்தப்பா எங்களுக்குக் காட்டினார். காட்டிய நேரத்தில் வேகத்தடை வந்தது. ரப்பர் பேண்ட் தெறித்தது. கேன் சாய்ந்தது. கொள்கை முழுவதும் கார்ப்பெட்டில்.

பெட்ரோலாக இருந்திருந்தால் தீப்பிடிக்கிற பயம் அதிகம். ஆனால் கதவைத் திறந்துவைத்தால் பெரும்பகுதி தானே பறந்திருக்கும். டீசல் கனத்த எண்ணெய். வந்த வீட்டுக்கு வாக்கப்பட்டதுபோல, பஞ்சிலும் சாக்கிலும் இறங்கிக் குடித்தனம் நடத்தும். இந்த அறிவு எங்களுக்குப் பிற்பாடு வந்தது. முதலில் சித்தப்பா ஊதுபத்தியை எடுத்தார். சித்தி அவர் கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்காமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. அடுத்து மல்லிகை சென்ட். அதன் பலன், டீசலில் வதக்கிய மல்லிகை.

அப்போதுதான் உப்பளத்தில் வேலையாக இருந்த ஒருவர் பரிதாபப்பட்டு வந்தார். "உப்பு எல்லாத்தையும் இழுத்துரும் சார்" என்று அன்றைக்கு வாரிய ஈர உப்பில் ஒரு மூட்டையைக் கொட்டினார். அவர் சொன்னது பொய்யில்லை. பாத்தியிலிருந்து வாரிய உப்பில் மக்னீசியம் குளோரைடு ஒட்டியிருக்கும். காற்றில் உள்ள ஈரத்தை அது இழு இழு என்று இழுக்கும். எண்ணெயை மட்டும் சீந்தாது. மறுநாள் காலையில் காருக்குள் கால் வைத்தால் சளக் என்றது. டீசல் வாடை அப்படியே இருந்தது, கூடவே ஈரச்சாக்கு வாடை. மூன்றே மாதத்தில் தரைத்தகடு துருப்பிடித்து, ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை விழுந்தது. பாண்டிச்சேரி டீசலும் மரக்காணம் உப்பும் இருநூறு வருடப் பகையை எங்கள் காருக்குள் தீர்த்துக்கொண்டன.

கடைசியில் திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக் கிடைத்தார். ஆள் எம்டன். (1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் தமிழுக்கு விட்டுப்போன சொல் அது.) மூக்கை உள்ளே நுழைத்தார், வெளியே எடுத்தார், ஒன்றும் பேசாமல் சீட்டைக் கழற்றினார். கார்ப்பெட்டை உரித்து, அடியில் டீசல் குடித்து ஊறியிருந்த சாக்குப் படுதாவைத் தூக்கி எறிந்தார். "இத வெச்சுக்கிட்டு நீங்க சந்தனமே பூசினாலும் போகாதுங்க." எண்ணெய்க்குச் சோப்புதான் எமன்: சுடுதண்ணீரில் சலவைத்தூள் கரைத்துத் தகட்டைத் தேய்த்தார், கழுவினார், மறுபடி தேய்த்தார். பிறகு நாலு கதவையும் திறந்து வண்டியை வெயிலில் போட்டார். நாலு பக்கமும் திறந்த வண்டி, உமணர்களுடையது மாதிரி. இரவில் மட்டும் கதவைச் சாத்தி, உள்ளே தட்டுத் தட்டாக அடுப்புக்கரியை உடைத்து வைத்தார். காற்றில் மிதக்கும் எண்ணெய் ஆவி கரியின் துளைகளில் ஒட்டிக்கொள்ளுமாம். கடையில் விற்கும் ஆக்டிவேட்டட் கார்பன் இன்னும் நன்றாக இழுக்கும், விலையும் இழுக்கும். சமையல் சோடாவைப் பற்றிச் சித்தி கேட்டாள். "பால் கொட்டினா போடுங்கம்மா. இதுக்கு அது பத்தாது."

ஐந்தாம் நாள் மூக்கை வைத்துப் பார்த்தோம். துரு வாடைதான் வந்தது.

அடுத்த மாதமே சித்தப்பா பாண்டிச்சேரி கிளம்பினார். திரும்பும்போது வண்டிக்குள் கேன் இல்லை. சித்திக்கு நம்பமுடியாத சந்தோஷம். மரக்காணத்தில் டீக்கடையில் இறங்கி ஏறிட்டுப் பார்த்தோம். கேரியரில், கோணி போர்த்தி, கயிறு கட்டி, ஒன்றல்ல, இரண்டு. தூரத்திலிருந்து பார்க்க, ஒட்டகம் ஒன்று படுத்துத் தூங்குவது போலவே இருந்தது.