அரங்கத்தில் நான் சாதித்தது

எனக்கும் என் மருத்துவருக்கும் ஆறு கிலோ அளவுக்குக் கருத்து வேறுபாடு உண்டு. நான் 75 கிலோ இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 81 என்பது என் நிலைப்பாடு. மூன்று வருடமாக இந்த வழக்கு வாய்தாவிலேயே போய்க்கொண்டிருக்கிறது.

பங்குனியில் ஒருநாள் என் மனைவி, "ஏங்க, திருச்சிப் பக்கம் போய் நாலு கோயிலைக் கும்பிட்டுட்டு வருவோம். மலைக்கோட்டைப் படியேறினா உங்க உடம்புக்கும் நல்லது" என்றாள். தினக் காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதவும் செய்தாள்: ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், மலைக்கோட்டை, சமயபுரம்.

நான் அந்தப் பட்டியலை வேறு மாதிரி படித்தேன்: காபி, நெய் தோசை, பூந்தி. சமயபுரத்துக்கு நேராக மட்டும் எதுவும் தோன்றவில்லை. அங்கே சாப்பாட்டில் என்ன விசேஷம் என்று எனக்குத் தெரியாது. அந்த மாதத்து விசேஷம் முன்பே தெரிந்திருந்தால், சித்திரையில் போகலாம் என்று சொல்லியிருப்பேன்.

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் விடியுமுன்னே இறக்கிவிட்டது. இரவு பகல் பாராமல் ஓடும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு வழியாகப் பாலம் தாண்டினோம். கீழே காவிரி, பங்குனிக்கே உரிய முறையில், மணலாக ஓடிக்கொண்டிருந்தது. அரங்கத்தில் இறங்கியதும் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். பல நூறு வருடம் மொட்டைக் கோபுரமாக நின்றுவிட்டு, 1987-ல்தான் 236 அடியாக நிமிர்ந்த கோபுரம் அது. நல்ல காரியங்கள் தாமதமாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டு, பக்கத்துக் கடையில் பித்தளை டபராவில் காபியை ஆற்றினேன்.

வைணவர்கள் திருமலையைப் புஷ்ப மண்டபம் என்பார்கள். காஞ்சியைத் தியாக மண்டபம் என்பார்கள். அரங்கத்துக்குப் போக மண்டபம் என்று பெயர். பெயரைக் கேட்டதுமே என் ஊர் இதுதான் என்று பட்டது. ஆனால் ஒரு சந்தேகம். திருப்பதி என்றால் லட்டு, அழகர்கோவில் என்றால் தோசை, வரதர் என்றால் இட்லி. அரங்கனுக்கு என்ன?

ராத்திரியானால் நெய் ஒழுகும் அரவணை உண்டு. காலையில்? கோயிலுக்குள் ஒரு பெரியவர் பதில் சொன்னார்: ரொட்டி. கோதுமை ரொட்டி, தொட்டுக்கொள்ள வெண்ணெய். டில்லி சுல்தானின் மகள் அரங்கனின் திருமேனி மேல் ஆசைப்பட்டு, அதைத் தேடி இங்கேயே வந்து சேர்ந்துவிட்டாள் என்று கதை. துலுக்க நாச்சியார் என்று அவளுக்குச் சந்நிதி. சிலை கிடையாது, சித்திரம்தான். அவள் ஊர் வழக்கப்படிதான் இந்த ரொட்டி. சில நாட்களில் பெருமாள் கைலியும் உடுத்திக்கொள்வாராம்.

"பாருங்க," என்றாள் மனைவி, "பெண்டாட்டி ஊர்ச் சாப்பாட்டைப் பெருமாளே சாப்பிடறார். நீங்க எங்க அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பைக் குறை சொல்றீங்க." கருவாட்டுக் குழம்பை அந்த இடத்தில் பேச வேண்டாம் என்று சொல்லி, பேச்சைத் தன்வந்திரி சந்நிதிப் பக்கம் திருப்பினேன். அது இன்னொரு வம்பு. போக மண்டபத்துக்குள்ளேயே ஒரு வைத்தியரை உட்கார வைத்திருக்கிறார்கள். எவ்வளவு சாப்பிட்டாலும் நாலு எட்டில் மருத்துவர். பெருமாளுக்குத்தான் எத்தனை முன்யோசனை!

பத்தரை மணிக்கு நண்பர் வீட்டில் சாப்பாடு. எங்களுக்கு விருதுநகர்ப் பக்கம். பத்தரைக்கு அங்கே இட்லிப் பானையைத்தான் கழுவிக்கொண்டிருப்பார்கள். நண்பரின் அம்மா வாசலிலேயே, "பெருமாளைச் சேவிச்சாச்சா? வாங்கோ, தளிகை ஆயிடுத்து" என்றார். இலை போட்டாயிற்று. தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை 1993-ல் திருச்சியில் வைத்தவர்கள் இந்த ஊர் இலையில் ஒருமுறையாவது சாப்பிட்டிருக்க வேண்டும், அவ்வளவு அகலம்.

வாழைக்காய் கறியமுது வந்தது. குழம்பு வந்தது. பிறகு மாமி கையில் ஒரு பாத்திரத்தோடு என் முன்னால் குனிந்து, "சாத்தமுது சாதிக்கட்டுமா?" என்றார்.

எனக்குத் தெரிந்த தமிழில் சாதிப்பது என்பது கலெக்டராவது, இமயத்தில் ஏறுவது. ஐம்பத்து நாலு வயதில் என்னைப் பார்த்து அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்தியதில்லை. திருதிருவென்று விழித்தேன். நண்பர் மொழிபெயர்த்தார்: "ரசம் ஊத்தட்டுமான்னு கேக்கறா." வைணவ வீடுகளில் ரசம் சாத்தமுது, பாயசம் திருக்கண்ணமுது, பரிமாறுவதுதான் சாதிப்பது. பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிய சோறு என்பதால் ஒவ்வொன்றுக்கும் மரியாதையான பெயர்.

அன்றைக்கு எனக்கு ரசம் மூன்று முறை சாதிக்கப்பட்டது. திருக்கண்ணமுது இரண்டு முறை. "இன்னும் கொஞ்சம் சாதிக்கட்டுமா?" என்று மாமி கேட்கும்போது, மனைவி எதிர் இலையிலிருந்து கண்ணால் தடையுத்தரவு பிறப்பித்தாள். ஆனால் ஒரு மனிதன் வாழ்க்கையில் முன்னேறத் துடிக்கும்போது குடும்பம் குறுக்கே நிற்கலாமா?

திருவானைக்காவலில் உச்சிக்காலப் பூஜைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். அர்ச்சகர் அம்பாளின் புடவையைக் கட்டிக்கொண்டு, கிரீடம் வைத்து, மேளதாளத்தோடு அகிலாண்டேசுவரியாகவே வந்து சுவாமிக்குப் பூஜை செய்கிறார். கூட்டம் கைகூப்பி நின்றது. எனக்கு என் மதிய நேரம் ஞாபகம் வந்தது. தினமும் பன்னிரண்டரைக்கு மனைவியிடமிருந்து போன் வரும்: "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா?" உச்சிக்காலத்தில் எந்தச் சுவாமிக்கும் விடுதலை இல்லை போலிருக்கிறது. போதாக்குறைக்கு இங்கே தலவிருட்சம் வெண்நாவல். நாவல் கொட்டைப் பொடி சர்க்கரைக்கு நல்லது என்று என் மாமனார் பத்து வருடமாகச் சொல்லிவருகிறார். மனைவி மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நடை சாத்தியதும் மண்டப நிழலில் உட்கார்ந்தோம். டிபன் நேரம் வந்ததும், கால் வலிக்கிறது என்று சொல்லி, பார்த்தசாரதி விலாஸ் வரை நடந்தேன். 1943-லிருந்து நெய் தோசை வார்க்கும் கடை. அதற்கு எண்பது தாண்டிவிட்டது. எனக்கும் எண்பது தாண்டிவிட்டது, வயதில் இல்லாவிட்டாலும். பழங்காலத்துக் கட்டடம், அலங்காரம் எதுவும் கிடையாது. தோசை வருவதற்கு முன் வாசனை வந்து மேஜையில் உட்காருகிறது. ஓரம் முறுகல், நடு மெத்து, விரலில் பட்ட நெய்யைச் சட்னி துடைத்து எடுக்கிறது. "ஒண்ணுதான்" என்றாள் மனைவி. ஒன்றுதான். ஆளுக்கு ஒன்று; அவள் விட்ட பாதியைக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

மலைக்கோட்டை அடிவாரத்தில் மாணிக்க விநாயகர். அங்கேதான் அந்தத் தகவல் கிடைத்தது. விநாயகர் சதுர்த்திக்கு ஆண்டுதோறும் 150 கிலோவில் கொழுக்கட்டை செய்து, பாதியை இவருக்கும் பாதியை உச்சிப்பிள்ளையாருக்கும் படைப்பார்களாம். ஆளுக்கு 75 கிலோ. அப்படியே நின்றுவிட்டேன். மருத்துவர் எனக்கு நிர்ணயித்திருப்பது சரியாக ஒரு கொழுக்கட்டை. நான் அதைவிட ஆறு கிலோதான் அதிகம். பிள்ளையாரின் பார்வையில் பார்த்தால் நான் ஒரு வேளை நைவேத்தியம்!

நானூறு படிக்கு மேல் ஏறியாயிற்று. வழியில் தாயுமானவர். காவிரி வெள்ளத்தில் தாய் வந்துசேர முடியாத பெண்ணுக்குத் தாயாகவே வந்து பிரசவம் பார்த்த சிவன். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு வாழைத்தார் சாத்துகிறார்கள். தாயாக வந்தவர் பிரசவ லேகியமும் கிளறியிருப்பார், பத்தியச் சாப்பாடும் பொங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. புராணம் எழுதியவர்கள் முக்கியமானதை விட்டுவிடுகிறார்கள்.

உச்சியில் நின்றால் இரண்டு ஆறும் நடுவில் அரங்கமும் தெரியும். எனக்கு மெயின்கார்டு கேட்தான் தெரிந்தது. இறங்கி, மைக்கேலில் ஒரு கப் ஐஸ்கிரீம். மயில் மார்க்கில் கால் கிலோ பூந்தி. ஏறிய படிகளுக்கும் இதற்கும் சரியாகப் போயிற்று என்று பற்று வரவு எழுதினேன். மனைவி தணிக்கை செய்யவில்லை, களைத்திருந்தாள்.

இருட்டிய பிறகு சமயபுரம். மஞ்சள் புடவைக் கூட்டம், வேப்பிலை மணம். தரிசனம் முடித்து வந்ததும், வழக்கம்போல், "பிரசாதம் பொங்கல் எங்கே கிடைக்கும்?" என்று ஓர் அம்மாளிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நடுவில் சற்று அதிக நேரம் பார்த்தார்.

"ஆத்தாவே பச்சைப் பட்டினி கெடக்கா. உனக்குப் பொங்கல் கேக்குதா தம்பி?"

மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தொடங்கி 28 நாள் அம்மன் விரதமாம். அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர், அவ்வளவுதான். மற்ற இடங்களில் சாமிக்காக நாம் பட்டினி கிடப்போம். இங்கே நாம் நோய்நொடி இல்லாமல் இருக்க அவள் பட்டினி கிடக்கிறாள்.

காலையிலிருந்து நான் உள்ளே தள்ளியதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. சர்க்கரை எனக்கு, பத்தியம் அவளுக்கு. இதை எந்த மருத்துவமும் ஒப்புக்கொள்ளாது. கூடவே இன்னொன்றும் உறைத்தது: மூன்று முறை குனிந்து சாதித்த அந்த மாமி எப்போது சாப்பிட்டார்? நாங்கள் கிளம்பும் வரை சாப்பிடவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நீர்மோர் ஒரு டம்ளர் குடித்தேன். "இனிமே இன்னிக்கு ஒண்ணும் வேணாம்" என்றேன். மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சத்திரம் வரும்வரை பேசவில்லை. வழியெல்லாம் பரோட்டாக் கல் சத்தம்; ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். ஜங்ஷனில் ரயிலுக்கு நேரமிருந்தது. பிளாட்பாரத்தில் ஒருவர் மணப்பாறை முறுக்கு விற்றுக்கொண்டு வந்தார். என் விரதம் அந்த இடத்தில் முடிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி ஐம்பது நிமிடம்.

அன்று நாள் முழுக்க எனக்கு எத்தனையோ சாதித்தார்கள். நானாகச் சாதித்தது அது ஒன்றுதான்.