ரிப்பன் வெட்ட ஒரு கணக்கு, குழி அடைக்க ஒரு கணக்கு

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. பட்ஜெட்டுல நம்மூருப் பாலம் வந்திருச்சுன்னு வெடி போட்டியாமே? போடு, போடு. வெடிக்காசு உன் பையில இருந்துதானே போச்சு!

அரசாங்கச் செலவு ரெண்டு வகைடா. சம்பளம், பென்ஷன், மானியம், வட்டி எல்லாம் வருவாய்ச் செலவு. பாலம், அணை, ஆஸ்பத்திரிக் கட்டடம் எல்லாம் மூலதனச் செலவு. வருவாய்ச் செலவைத் தனியாப் பிரிச்சுக் காட்டணும்னு அரசியல் சட்டம் 202-வது பிரிவே சொல்லுது. இதுல வேடிக்கை கேளு: புது ரோடு போட்டா மூலதனம், அதே ரோட்டுல குழி அடைச்சா வருவாய்ச் செலவு. குழி அடைச்சதுக்கு எந்த மந்திரிடா ரிப்பன் வெட்டுனாரு? அதான் குழி சொகமா இருக்கு.

பாலத்துக்குப் பணம் ஏதுங்கறியா? பெரும்பாலும் கடன்தான். வழக்கமா செவ்வாய்க்கிழமை ரிசர்வ் வங்கி மாநிலங்களோட கடன்பத்திரத்தை ஏலம் விடும். கிராமத்து வேலைகளுக்குன்னு நபார்டு வங்கி 1995-96ல இருந்தே தனி நிதி வெச்சிருக்கு; அதுல ரோடு, பாலத்துக்கும் கடன் குடுக்குது. 2020-21ல இருந்து டெல்லி 50 வருசத்துக்கு வட்டியில்லாக் கடன் தருது. குடுத்தவரும் இருக்கமாட்டாரு, வாங்குனவரும் இருக்கமாட்டாரு. நீ இருந்து கட்டு! டெல்லிக்குப் பாக்கி வெச்ச மாநிலம், 293-வது பிரிவுப்படி அவங்க சம்மதம் இல்லாம வேற கடனும் வாங்க முடியாது.

கடன் வாங்குறது பாவமில்ல. கிணறு வெட்ட வாங்குனா தண்ணி வரும், கடனும் அடையும். கறிவிருந்துக்கு வாங்குனா ஏப்பம்தான் வரும். வருவாயை மீறி வருவாய்ச் செலவு போனா அது வருவாய்ப் பற்றாக்குறை. அது இருந்தா, வாங்குற கடன்ல ஒரு பங்கு சம்பளத்துக்கும் வட்டிக்குமே கரைஞ்சுபோகும். இந்தப் பற்றாக்குறையை ஒழிக்கத்தான் தமிழ்நாட்டுல 2003-ல நிதிப் பொறுப்புச் சட்டம் போட்டாங்க. சில வருசம் உபரியும் வந்துச்சு. 2013-14ல திரும்பி வந்த பற்றாக்குறை அப்புறம் வீட்டோட தங்கிருச்சு.

பணம் பத்தாட்டி எதுலடா மொதல்ல கத்தரி விழும்? சம்பளத்துல கை வெச்சா ஊழியருங்க கொடி பிடிப்பாங்க. பாலத்தைத் தள்ளிவெச்சா, பாலமா வந்து கோட்டை வாசல்ல கோஷம் போடும்?

அதனால கெழவன் சொல்றேன், கேட்டுக்க. இந்த வருசம் வாசிச்சது வெறும் மதிப்பீடு. அடுத்த வருசம் திருத்த மதிப்பீடுன்னு வரும், பாதிப் பாலம் அதுலயே காணாமப் போகும். நெசமாச் செலவானது எவ்வளவுங்கற கணக்கு ரெண்டு வருசம் கழிச்சு வர்ற பட்ஜெட் புத்தகத்துலதான் இருக்கும். அதை எடுத்துட்டுப் போயி எம்.எல்.ஏ. கிட்டக் கேளு. அறிவிச்சதுக்குக் கைதட்டாத, செலவழிச்சதுக்குக் கணக்குக் கேளு.